சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் 15,349 கி.மீ. சரி, நேரக் கணக்கு ஏன் இடிக்கிறது?

நடுஇருக்கை

அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் போகிறேன். இவ்வளவு நீளமான பயணம் முதல் முறை. சும்மா இருக்காமல் தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போட உட்கார்ந்தேன், அதில்தான் குழப்பமே ஆரம்பித்தது.

தேடினால் ஒரு தளம் 15,349 என்கிறது. இன்னொன்று 9,537. மூன்றாவது 8,287. முதலாவது கிலோமீட்டர். மற்ற இரண்டுக்கும் மைல் என்றே போட்டிருக்கிறது. மைலில் இரண்டு தூரம் எப்படி வரும்?

சரி, கிலோமீட்டரையே வைத்துக்கொள்வோம். விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்கிறார்கள். வகுத்தால் 17 மணி 3 நிமிடம். ஆனால் அட்டவணையில் இரண்டு பக்கமும் 18 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, திரும்பும்போது கிட்டத்தட்ட 19. மீதி நேரம் எங்கே போகிறது?

இன்னொரு விஷயம். பழைய பயணங்களின் தடத்தைக் காட்டும் தளம் ஒன்றில் பார்த்தேன். போகும்போது ஜப்பான் பக்கமாக ஏறிப் பசிபிக்கைத் தாண்டியிருக்கிறது. திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழி. போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிய மாதிரி ஆகிறது. குறுக்கு வழி ஏதோ ஒன்றுதானே இருக்க முடியும்?

முன்னாள்மாலுமி

மைல் கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. 9,537 தரை மைல். 8,287 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், மூன்றும் ஒரே தூரம்தான்.

கப்பலும் விமானமும் இன்னும் கடல் மைலை விடாததற்குக் காரணம் உண்டு. பூமியின் மேல் ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால் ஒரு கலை ஏறக்குறைய ஒரு கடல் மைல். 8,287ஐ 60ஆல் வகுத்தால் 138 பாகை. அதாவது இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே பூமிப்பந்தில் 138 பாகை வளைவு. முழுக்க எதிர்ப்பக்கம் என்றால் 180. அவ்வளவு தொலைவு இல்லை, ஆனால் அந்தப் பக்கம்தான்.

குறும்பன்

நடு இருக்கையில் 18 மணி நேரம். கணக்கை விடுங்கள், உங்களுக்கு என் அனுதாபங்கள்.

கணக்குவாத்தியார்

மாலுமி ஐயா 138 என்றதும் கை சும்மா இருக்கவில்லை. இந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது. கோள முக்கோணவியல் எதுவும் வேண்டாம், கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

சிங்கப்பூர் ஏறத்தாழ கிழக்கு 104 பாகையில் இருக்கிறது. நியூயார்க் மேற்கு 74. கூட்டினால் 178. தீர்க்கரேகைப்படி இரண்டும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட நேர் எதிர். அப்படியானால் மிகக் குறுகிய பாதை கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. நேராக வடக்கே ஏறி, துருவத்தின் பக்கத்தில் தாண்டி, அந்தப் பக்கம் தெற்கே இறங்க வேண்டும்.

சிங்கப்பூர் வடக்கு 1.4 பாகை. அங்கிருந்து துருவத்துக்கு 88.6. நியூயார்க் வடக்கு 40.6. துருவத்திலிருந்து அதற்கு 49.4. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,345 கி.மீ. தளம் சொல்வது 15,349! 178க்குப் பதில் சரியாக 180 இருந்திருந்தால் பாதை துருவத்தின் மேலேயே போகும். இப்போது சுமார் 280 கி.மீ. தள்ளிப் போகிறது.

வகுப்பில் இதை எடுத்தால் பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கோடு போட்டுப் பழகிய கண் அது.

முன்னாள்மாலுமி

சுவர்ப்படம் பற்றிச் சொன்னீர்கள், அந்தப் படமே எங்களைப் போன்றவர்களுக்காகப் போட்டதுதான். 1569இல் மெர்கேட்டர் வரைந்தது. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் படத்தில் அது நேர்கோடாக வரும். மாலுமிக்கு அது பெரிய வரம். அதற்குக் கொடுத்த விலை, துருவத்துக்குக் கிட்டே போகப் போக எல்லாம் ஊதிப் பெருத்துவிடும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு.

குறுகிய வழி வேண்டுமென்றால் ஒரு பந்தை எடுத்து இரண்டு ஊர்களையும் நூலால் இழுத்துப் பிடியுங்கள். நூல் கிடக்கும் இடம்தான் பாதை. நாங்கள் அதைப் பெருவட்டம் என்போம். அதில் போனால் திசை மாறிக்கொண்டே இருக்கும், கொஞ்சத்துக்குக் கொஞ்சம் சுக்கானைத் திருப்ப வேண்டும்.

சந்தேகசிகாமணி

எல்லாம் சரி. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. அப்படியானால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாகவே எதிரே வர வேண்டும், நேரம் குறைய வேண்டும். லண்டன் – நியூயார்க்கில் மேற்கே போக ஏறத்தாழ 8 மணி நேரம், கிழக்கே வர 7. நேர்மாறாக அல்லவா இருக்கிறது?

கணக்குவாத்தியார்

நிலநடுக்கோட்டில் பூமியின் மேற்பரப்பு மணிக்கு ஏறத்தாழ 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. ஒரு நொடிக்கு 460 மீட்டருக்கு மேல். நீங்கள் சொல்வது சரியென்றால் சிங்கப்பூரில் நின்ற இடத்தில் ஒரு துள்ளு துள்ளினால் அரை கிலோமீட்டர் தள்ளி விழ வேண்டும். விழுவதில்லை. நீங்கள், காற்று, விமானம் எல்லாமே தரையோடு சேர்ந்துதான் சுழல்கின்றன.

பின்காற்று

வாத்தியார் சொன்னது சரி. ஆனால் சிகாமணியைப் பாதிதான் தவறு என்பேன். சுழற்சி நேரடியாக விமானத்தைத் தொடாது, காற்று வழியாகத் தொடுகிறது.

நான் ஒரு விமான நிறுவனத்தில் சில ஆண்டுகள் பறப்புத் திட்டம் போடும் பிரிவில் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால் மேலே காற்று வடக்கு நோக்கி நகரப் பார்க்கும். பூமி சுழல்வதால் அது வளைந்து மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் இது ஒடுங்கி ஓர் ஆறு போல ஓடுவதுதான் ஜெட் ஸ்ட்ரீம். விமானம் பறப்பதும் அதே உயரம். மணிக்கு 200 கி.மீ. என்பது சாதாரணம், குளிர்காலத்தில் 300ஐயும் தாண்டும்.

இப்போது நடுஇருக்கையின் 900க்கு வருவோம். அது காற்றுக்குள் விமானத்தின் வேகம். ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு, அந்தக் குளிரில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. தரையைப் பொறுத்த வேகம் வேறு. பின்னாலிருந்து 150 காற்று தள்ளினால் 1,050. எதிரே 150 அடித்தால் 750. 6,000 கி.மீ. தூரத்துக்கு ஒரு பக்கம் 5 மணி 43 நிமிடம், மறுபக்கம் 8 மணி. அதே விமானம், அதே எஞ்சின்.

2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் ஒரு புயல். அதன் காற்றில் ஏறி வந்த ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. கான்கார்ட் 1996இல் போட்ட 2 மணி 52 நிமிடம் 59 நொடி தனிக்கதை. அது ஒலியை மிஞ்சிப் போன விமானம்.

ஆக, திட்டம் போடும்போது நாங்கள் தேடுவது குறைந்த தூரம் அல்ல, குறைந்த நேரமும் எரிபொருளும். நியூயார்க் போகும்போது ஜப்பானுக்கு மேல் ஓடும் காற்றில் ஏறிப் பசிபிக்கைத் தாண்டுவது லாபம். திரும்பும்போது அதே வழியில் வந்தால் அந்தக் காற்று முகத்தில் அடிக்கும். அதனால் ஒன்று துருவப் பக்கம், இல்லையென்றால் அட்லாண்டிக் பக்கம். அட்லாண்டிக் வழியில் வந்தால் அங்கேயும் முதுகில் காற்று. நீங்கள் பார்த்த உலகச் சுற்று இப்படித்தான் வந்தது, எப்போதும் கிழக்கு நோக்கியே பறந்திருக்கிறார்கள். தினமும் வானிலை பார்த்து வழி மாறும். நேற்று போன தடத்தை வைத்து இன்றைக்குச் சொல்ல முடியாது.

நடுஇருக்கை

இது புரிகிறது. ஆனால் பசிபிக்கைச் சுற்றிப் போனால் தூரம் எக்கச்சக்கமாகக் கூடாதா? காற்று அவ்வளவையுமா ஈடுகட்டுகிறது?

கணக்குவாத்தியார்

இதற்காகத்தான் காத்திருந்தேன். அவ்வளவு ஒன்றும் கூடாது. டோக்கியோவுக்கு மேலாகப் போவதாக வையுங்கள். சிங்கப்பூர் – டோக்கியோ ஏறத்தாழ 5,350, டோக்கியோ – நியூயார்க் 10,830. மொத்தம் 16,200க்குக் கொஞ்சம் குறைவு. பிராங்ஃபர்ட் வழியாகப் போனால் ஏறத்தாழ 10,270 கூட்டல் 6,200, அதாவது 16,500க்குள். குறுகிய வழி 15,349. பூமியின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சுற்றியும் அதிகம் 1,150 கி.மீ.தான். ஏழெட்டு சதவீதம்.

காரணம் அந்த 138 பாகை. சிங்கப்பூருக்கு நேர் எதிர்ப்புள்ளி தென் அமெரிக்காவில், எக்வடோரில் விழுகிறது. சரியாக அந்தப் புள்ளிக்குப் போக வேண்டுமென்றால் எந்தத் திசையில் கிளம்பினாலும் ஒரே தூரம், ஏறத்தாழ 20,000 கி.மீ. நியூயார்க் அதற்கு முழுக்கக் கிட்டே இல்லை, ஆனால் போதுமான அளவு அந்தப் பக்கம். ஊர்கள் எதிரும் புதிருமாக ஆக ஆக, சுற்று வழிக்கும் குறுக்கு வழிக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வரும். 500 கி.மீ. பயணத்தில் இப்படிச் சுற்றிப் போக முடியுமா? முடியாது.

குறும்பன்

உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகுமே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா? 😀

கணக்குவாத்தியார்

கேலியாகக் கேட்டாலும் சொல்கிறேன். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. அதன்மேல் 11 கி.மீ. 15,349க்கு 26 கி.மீ. கூடும். இரண்டு நிமிடம்கூட இல்லை.

பின்காற்று

17 மணி 3 நிமிடத்துக்கும் அட்டவணைக்கும் உள்ள மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், அது விட்டுப்போயிற்று. அட்டவணை நேரம் ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு இல்லை. வாயிலைவிட்டுப் பின்னால் நகர்ந்ததிலிருந்து அந்தப் பக்கம் வாயிலில் நிற்கும் வரை. தரையில் உருண்டு போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு மறுபடி உருள்வது எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் எளிதாகப் போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் 900 கிடையாது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 250 கடல் மைல்தான் (நாட் என்போம்), ஏறத்தாழ 460 கி.மீ. அதோடு, தாமதத்தை விழுங்க நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடுவதும் உண்டு. ‘20 நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம்’ என்று அறிவிப்பார்களே, அதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இரவுப்பறவை

கணக்கெல்லாம் சரி, தேதியில் கவனமாக இருங்கள். நான் பட்டது இது.

சிங்கப்பூர் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால். நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி நேரம் பின்னால், கோடையில் 4. ஆக வித்தியாசம் 13 அல்லது 12. உதாரணத்துக்கு, குளிர்காலத்தில் திங்கள் இரவு 11.30க்குச் சிங்கப்பூரில் கிளம்பி 18 மணி 30 நிமிடம் பறந்தால் நியூயார்க்கில் செவ்வாய் காலை 5 மணி. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஐந்தரை மணி நேரப் பயணம்! திரும்பும்போது திங்கள் இரவு 10.30க்குக் கிளம்பி 18 மணி 45 நிமிடம் என்றால் சிங்கப்பூரில் புதன் காலை 6.15. செவ்வாய்க்கிழமை முழுக்க வானத்திலேயே முடிந்துவிடும்.

அழைத்துப் போக வந்த என் அண்ணன் செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலேயே விமான நிலையத்தில் நின்றிருக்கிறான். ‘இரவு விமானம், காலையில் இறங்குவேன்’ என்று நான் சொன்னது ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். டிக்கெட்டில் வந்து சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் ‘+2’ என்று பொடி எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள்.

கோடையில் ஒரு வசதி. வித்தியாசம் சரியாக 12 என்பதால் முள் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம்.

சந்தேகசிகாமணி

அப்படியானால் துருவ வழி குறுக்கு என்று தெரிந்தும் எப்போதும் அதில் போகாததற்குக் காற்று மட்டும்தான் காரணமா?

பின்காற்று

இல்லை. அங்கே போனால் வேறு கவலைகள். எரிபொருள் உறைய விடக்கூடாது. வழக்கமான விமான எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 பாகை செல்சியஸ், வெளியே அதைவிடக் குளிராக இருக்கும். காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது. நடுவில் ஏதாவது ஆனால் இறங்கப் பெரிய விமான நிலையம் பக்கத்தில் இருக்காது. சூரியப் புயல் வந்தால் வானொலித் தொடர்பு போகும், அன்றைக்குத் தெற்கே இறங்கித்தான் போவார்கள். இவ்வளவையும் தாண்டி நிறைய விமானங்கள் போகத்தான் செய்கின்றன.

இன்னொன்று அரசியல். ஹெல்சிங்கி – டோக்கியோ 7,800 கி.மீ. சைபீரியாவுக்கு மேல் ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்ய வான்வெளி பின்லாந்து விமானங்களுக்கு மூடப்பட்டது. இப்போது ஒன்று வடதுருவத்தைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் தெற்கே மத்திய ஆசியா வழி. 13 மணி நேரம் ஆகிறது. தூரம் காட்டும் தளத்தில் போட்டுப் பாருங்கள், இன்றும் அதே 7,800தான் வரும். என்னைக் கேட்டால் அந்தத் தளங்கள் சொல்லும் தூரத்தை நம்பலாம், அதை வைத்து அவை தானாகப் போடும் ‘பயண நேரத்தை’ நம்பக்கூடாது. பெரும்பாலும் ஒரே சராசரி வேகத்தால் வகுத்து அரை மணி நேரம் கூட்டிய எண் அது. காற்று, மூடிய வானம் எதுவும் அதற்குத் தெரியாது.

முன்னாள்மாலுமி

தூரமும் நேரமும் ஒட்டாத கதைக்கு என் பங்குக்கு ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே வழக்கமான வான்வழி அறுந்துபோயிற்று. 1943இல் இருந்து 1945 வரை குவாண்டாஸ் கடல் விமானங்கள் பெர்த்துக்கும் இலங்கையின் தென்கரையில் இருக்கும் கொக்கலைக்கும் இடையே நிற்காமல் பறந்தன. தூரம் இன்றைய கணக்கில் ஒன்றும் பெரிதில்லை, 5,600 கி.மீ. சொச்சம். ஆனால் அந்த கேட்டலினா விமானத்தின் வேகத்தில் 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும், 32 மணி நேரத்தைத் தாண்டியதும் உண்டு. எடை காரணமாக மூன்று பயணிகள்தான். எதிரிக்குத் தெரியக்கூடாது என்று வானொலியும் பேசாது. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்ப்பார்கள், அதனால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்றே பெயர் வந்தது.

உங்கள் 18 மணி நேரம் அதற்கு முன் தூசு தம்பி.

இரவுப்பறவை

வாவ், கொக்கலை கேள்விப்பட்டதே இல்லை.

இந்தத் தடத்தின் பழைய கதையும் சுவாரஸ்யமானது. 2004இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நுவார்க்குக்கு ஏ340-500இல் நேரடியாகப் பறந்தது. நான்கு எஞ்சின், எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். 2013இல் நிறுத்திவிட்டார்கள். 2018 அக்டோபரில் இரண்டு எஞ்சின் ஏ350இன் நெடுந்தூர வடிவத்தோடு மறுபடி தொடங்கினார்கள். அதில் 161 இருக்கைதான். வழக்கமான எகானமி வகுப்பே கிடையாது.

பின்காற்று

இருக்கை குறைந்ததற்குக் காரணம் எடை. அந்த விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், சுமார் 130 டன். கிளம்பும்போது அதிகபட்ச எடை 280 டன். கிட்டத்தட்ட பாதி எரிபொருள். முதல் சில மணி நேரம் எரிப்பதில் ஒரு பங்கு, கடைசி சில மணி நேரத்துக்கான எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகத்தான். இதனால்தான் எதிர்காற்றில் ஒரு மணி நேரம் கூடினால்கூட எங்களுக்குத் தலைவலி.

நடுஇருக்கை

எல்லோருக்கும் நன்றி. கேட்டது ஒரு வகுத்தல் கணக்கு, கிடைத்தது ஒரு பூகோளப் புத்தகம். பந்தில் நூல் பிடித்துப் பார்த்தேன், துருவத்தை உரசிக்கொண்டுதான் போகிறது. போய்வந்து எழுதுகிறேன்.

நடுஇருக்கை

வந்துவிட்டேன். போகும்போது பின்காற்று சொன்னது போலவே பசிபிக். ஜப்பானைத் தாண்டியதும் திரையில் தரை வேகம் 1,000க்கு மேல் ஏறி, சில மணி நேரம் அப்படியே நின்றது. சொன்ன நேரத்துக்கு 25 நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

என் அக்கா சரியான நாளில்தான் வந்து நின்றாள். ‘+2’ஐ வட்டம் போட்டு அனுப்பியிருந்தேன்.

சந்தேகசிகாமணி

திரும்பும்போது துருவமா, அட்லாண்டிக்கா? அதைச் சொல்லவே இல்லையே.

நடுஇருக்கை

தூங்கிவிட்டேன். விழித்தபோது திரையில் வங்காள விரிகுடா.